‘சொன்னா மட்டும் என்ன ஆயிடப் போகுது?’: பனியன் கம்பெனிப் புலம்பலுக்கு ஒரு காது கிடைத்த கதை

திருப்பூரில் சனிக்கிழமை என்றால் சம்பள நாள். அன்று சாயங்காலம் பி.என். ரோடு, மங்கலம் ரோடு, காங்கேயம் ரோடு என எந்தப் பக்கம் போனாலும் பேக்கரி வாசலில் நாலு பேர் டீ கிளாஸோடு நின்று பேசிக்கொண்டிருப்பார்கள். பேச்சு பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும்.

“உங்க கம்பெனியில ஓவர்லாக்குக்கு ஷிப்ட் எவ்ளோ தர்றாங்க?” “மூணு நாள் ஒன்றரை ஷிப்ட் பார்த்தேன், ரெண்டு நாள்தான் கணக்குல இருக்கு.” “அந்த சூப்பர்வைசர் வாயைத் தொறந்தாலே காது கூசுதுக்கா.” “நானெல்லாம் கேட்டுக் கேட்டு மரத்துப் போச்சு புள்ள, விடு.”

அந்த ‘விடு’வோடு பேச்சு முடியும். பஸ் வந்துவிடும், அல்லது கம்பெனி வேன் ஹாரன் அடிக்கும். திங்கட்கிழமை காலையில் அதே மெஷின், அதே சூப்பர்வைசர்.

ஆபீஸ் பக்கம் இருப்பவர்கள் இதை வெட்டிப்பேச்சு என்பார்கள். பேசுகிறவர்களே கூட “சும்மா புலம்பிட்டு இருந்தோம்” என்றுதான் சொல்வார்கள். ஆனால் 2024-25-ல் கிட்டத்தட்ட 40,000 கோடி ரூபாய்க்குப் பின்னலாடை ஏற்றுமதி செய்த ஊரில், தொழிலாளிகளுக்கு இருக்கும் மிக முக்கியமான தகவல் தொடர்பே இந்தப் புலம்பல்தான். அதைக் கேட்க ஆள் இருந்தால் என்ன நடக்கும், இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கு இந்தப் பகுதியிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. அதைப் பார்ப்பதற்கு முன், இந்தப் பேச்சு என்னதான் செய்கிறது என்று பார்த்துவிடலாம்.

டீ கிளாஸில் ஓடும் தகவல்

பனியன் தொழிலில் ஒரு ஆர்டர் ஒரே கூரையின் கீழ் முடிவதில்லை. நிட்டிங் ஒரு இடம், டையிங் ஒரு இடம், பிரிண்டிங் இன்னொரு இடம். கட்டிங், தையல், செக்கிங், அயர்ன், பேக்கிங் ஆகியவை கூட பல ஜாப் ஒர்க் யூனிட்களில் பிரிந்து கிடக்கும். பீஸ் ரேட், ஷிப்ட் ரேட், கான்ட்ராக்ட் என்று சம்பளமும் ஒரே வேலைக்கு இடத்துக்கு இடம் மாறும். எந்த நோட்டீஸ் போர்டிலும் இந்த ரேட் ஒட்டப்படுவதில்லை. பக்கத்து கம்பெனியில் என்ன தருகிறார்கள் என்பது தெரிய ஒரே வழி, பக்கத்து கம்பெனியில் வேலை செய்கிற தோழியிடம் கேட்பதுதான்.

இந்தச் சிதறலுக்கு ஒரு வரலாறும் உண்டு. 1984-ல் பஞ்சப்படி கேட்டு திருப்பூர் பனியன் தொழிலாளர்கள் 127 நாட்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அதற்குப் பிறகு, ஏற்றுமதி சூடு பிடித்த வருடங்களில், வேலை இன்னும் சின்னச் சின்ன யூனிட்களாகப் பிரிந்தது. இருபது மெஷின் போட்ட ஒரு ஷெட்டில் சங்கம் நுழைவது சுலபம் இல்லை. சங்கம் நுழைய முடியாத இடத்திலும் டீ டைம் உண்டு.

இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கீர்ட் டி நெவ், கிரேஸ் கார்ஸ்வெல் இருவரும் திருப்பூரையும் சுற்றியுள்ள கிராமங்களையும் பல வருடங்களாக ஆய்வு செய்தவர்கள். கொடியோடு ரோட்டில் இறங்குவது மட்டும் தொழிலாளியின் எதிர்ப்பு இல்லை என்பது அவர்களுடைய ஆய்வு காட்டும் விஷயங்களில் ஒன்று. எந்த கம்பெனிக்குப் போவது, எப்போது விடுவது, வீட்டை விட்டு எவ்வளவு தூரம் போவது என்று தினசரி எடுக்கும் சின்ன முடிவுகளிலும் அது இருக்கிறது. குடும்பம், சாதி, ஆணா பெண்ணா என்பதெல்லாம் அந்த முடிவுகளைத் தீர்மானிக்கின்றன என்றும் அவர்கள் எழுதியிருக்கிறார்கள்.

இந்த முடிவுகளுக்கு மூலப்பொருள் புலம்பல். “அங்க தீபாவளி போனஸை ஒழுங்கா கொடுத்துடுவாங்க” என்ற ஒரு வரி போதும், ஒரு கைமடி பெண் தன் அக்காவையும் கூட்டிக்கொண்டு கம்பெனி மாறிவிடுவார். தீபாவளி முடிந்து சொந்த ஊர் போன ஆட்களில் எத்தனை பேர் திரும்பி வருவார்கள் என்று முதலாளிகள் ஒவ்வொரு வருடமும் கவலைப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

பி.எஃப் விஷயம் இன்னும் நல்ல உதாரணம். யு.ஏ.என் என்ற எண் 2014-ல் வந்தது. எத்தனை கம்பெனி மாறினாலும் ஒரு ஆளுக்கு ஒரே எண் என்பதுதான் திட்டம். ஆனால் புது கம்பெனியில் சேரும்போது பழைய எண்ணைச் சொல்லாமல் விட்டால் புது எண் போட்டுவிடுவார்கள். ஆதாரில் ஒரு மாதிரி, பி.எஃப்-ல் இன்னொரு மாதிரி பெயர் இருந்தால் பணம் எடுக்கும்போது இழுத்தடிக்கும். பதிவு செய்த மொபைலில் இருந்து 9966044425 என்ற எண்ணுக்கு மிஸ்டு கால் கொடுத்தால் இருப்பு எவ்வளவு என்று எஸ்.எம்.எஸ் வரும் என்பதை எச்.ஆர் சொல்லித் தெரிந்துகொண்டவர்களைவிட, பக்கத்து மெஷின் அக்கா சொல்லித் தெரிந்துகொண்டவர்கள்தான் அதிகம் இருப்பார்கள்.

இ.எஸ்.ஐ-யும் அப்படித்தான். சம்பளத்தில் 0.75% பிடிக்கிறார்கள், கம்பெனி 3.25% போடுகிறது. இது மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குபவர்களுக்கு. ஆஸ்பத்திரி சிகிச்சை மட்டும்தான் அதில் கிடைக்கும் என்று நினைப்பவர்கள் நிறைய. உடம்பு முடியாமல் லீவு போட்டால் வருடத்துக்கு 91 நாட்கள் வரை சம்பளத்தில் 70% கிடைக்கும், பிரசவத்துக்கு 26 வாரம் கிடைக்கும் என்பதை யாராவது ஒருவர் வாங்கிக் காட்டினால்தான் லைன் வீட்டில் இருக்கும் மற்றவர்கள் நம்புவார்கள்.

கம்பெனி மாறினால் தீராத கஷ்டம்

ரேட் குறைவு என்றால் கம்பெனி மாறலாம். கணக்கில் ஷிப்ட் விடுபட்டால் சண்டை போடலாம். ஆனால் கிளம்பிப் போக முடியாத இடத்தில் இருப்பவர் என்ன செய்வது?

நூற்பாலைகளில் பல வருடங்கள் ஓடிய ‘சுமங்கலி’ திட்டம் நினைவிருக்கலாம். மூன்று வருடம் ஹாஸ்டலில் தங்கி வேலை பார்த்தால் கடைசியில் கல்யாணச் செலவுக்கு மொத்தமாக ஒரு தொகை என்பதுதான் வாக்குறுதி. நடுவில் விட்டால் பணம் கைக்கு வராது. நெதர்லாந்தைச் சேர்ந்த சோமோ, ஐ.சி.என் அமைப்புகள் 2011-லும் 2014-லும் தமிழக ஆலைகள் பற்றி அறிக்கைகள் வெளியிட்டன. ஹாஸ்டல் பெண்கள் வெளியே போகவும், வெளியாட்களிடம் பேசவும், போன் வைத்துக்கொள்ளவும் இருந்த கட்டுப்பாடுகளை அவை விவரித்தன.

இங்கே கவனிக்க வேண்டியது போன் விஷயம். குறைவான சம்பளம் தருபவருக்கு, அது குறைவு என்று தொழிலாளிக்குத் தெரியாமல் இருப்பது வசதி. வெளியே ஒரு தோழியிடம் அஞ்சு நிமிடம் பேசினால் அந்த வசதி போய்விடும். புலம்பல் வெட்டிப்பேச்சு என்றால், அதைத் தடுக்க ஏன் இவ்வளவு சிரமப்பட வேண்டும்?

அடுத்தது சூப்பர்வைசர் பிரச்னை. தினமும் திட்டு, டபுள் மீனிங் பேச்சு, வேண்டுமென்றே டார்கெட்டை ஏற்றுவது, பாத்ரூம் போனால் நேரம் கணக்கிடுவது. இதற்கெல்லாம் கம்பெனி மாறினால் அங்கேயும் இன்னொரு சூப்பர்வைசர் இருப்பார். வீட்டில் சொன்னால் “வேலைக்கே போக வேண்டாம்” என்பார்கள். அதனால் இது பெரும்பாலும் தோழிகளுக்குள் மட்டுமே சுற்றும். கேட்பவரும் அதே லைனில் உட்கார்ந்திருப்பவர்தான். ஆறுதல் சொல்லலாம், அதற்கு மேல் அவரால் என்ன செய்ய முடியும்?

ஜனவரி 2021: திண்டுக்கல்லில் நடந்தது

திண்டுக்கல் மாவட்டத்தில் நாச்சி அப்பேரல் என்ற ஆடை ஆலை. திருப்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸ் நிறுவனத்துக்குச் சொந்தமானது. எச் அண்ட் எம் உள்ளிட்ட வெளிநாட்டு பிராண்டுகளுக்கு அங்கே துணி தைக்கப்பட்டது. 2021 ஜனவரியில் அங்கு வேலை செய்த ஓர் இளம் தலித் பெண் கொலை செய்யப்பட்டார். அதே ஆலையின் சூப்பர்வைசர் ஒருவர் மீது குற்றம் சாட்டப்பட்டது.

அவர் பல மாதங்களாகப் பாலியல் துன்புறுத்தலை அனுபவித்து வந்தார் என்றும், புகார் கொடுக்கும் துணிச்சல் வரவில்லை என்றும் குடும்பத்தினர் ஊடகங்களிடம் சொன்னார்கள். அதன்பிறகு வேறு பெண் தொழிலாளர்களும் தங்களுக்கு நடந்ததைப் பேச ஆரம்பித்தார்கள்.

சட்டம் இல்லாமல் இது நடக்கவில்லை. பணியிடத்தில் பெண்கள் மீதான பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான சட்டம் 2013-லேயே வந்துவிட்டது. 10 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் உள் புகார்க் குழு கட்டாயம். தலைவர் பெண்ணாக இருக்க வேண்டும், உறுப்பினர்களில் பாதியாவது பெண்கள் இருக்க வேண்டும், வெளியில் இருந்து ஒருவர் வேண்டும். பேப்பரில் எல்லாம் சரி. எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும், அதுவும் பொதுவாக மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். யாரிடம்? பல இடங்களில் குழுத் தலைவர், கம்பெனி ஆபீஸில் உட்கார்ந்திருக்கும் ஒரு மேடம். அவரிடம் ஒரு டெய்லர் பெண் போய் நிற்பதை, அந்தப் பெண்ணின் லைன் முழுக்கப் பார்க்கும். புகார்ப் பெட்டி வைத்திருந்தாலும், அது எச்.ஆர் ரூம் வாசலில்தானே தொங்கும்!

டீ கடைப் பேச்சுக்கும் அந்தக் குழுவுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளிதான் பிரச்னை. பேச்சு சுலபம், ஆனால் அதிகாரம் கிடையாது. குழுவுக்கு அதிகாரம் உண்டு, ஆனால் அதன் கதவைத் தட்டவே பயம்.

அப்படி என்ன செய்தார்கள்?

2022 ஏப்ரலில் ‘திண்டுக்கல் ஒப்பந்தம்’ கையெழுத்தானது. தலித் பெண்கள் முன்னின்று நடத்தும் தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியன், ஆசியா ஃப்ளோர் வேஜ் அலையன்ஸ், அமெரிக்காவின் ஜி.எல்.ஜே-ஐ.எல்.ஆர்.எஃப் ஆகிய மூன்றும் ஒரு பக்கம். ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸ் இன்னொரு பக்கம். எச் அண்ட் எம் தனியாகத் தன்னைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது. பின்னர் கேப் நிறுவனமும், கால்வின் க்ளைன், டாமி ஹில்ஃபிகர் பிராண்டுகளை வைத்திருக்கும் பி.வி.எச் நிறுவனமும் சேர்ந்தன. ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் இதற்குள் வந்தார்கள்.

பிராண்டுகள் ‘நன்னடத்தை விதிகள்’ என்று வெளியிடுவது புதிதில்லை. கம்பெனி சுவரில் பிரேம் போட்டு மாட்டியிருப்பார்கள், ஆடிட் வரும் நாளில் தூசி தட்டுவார்கள். இது வேறு மாதிரி. சப்ளையர் ஒப்பந்தத்தை மீறினால் பிராண்ட் வியாபார ரீதியாக நடவடிக்கை எடுக்க வேண்டும், அதாவது ஆர்டரில் கை வைக்க வேண்டும். ஆப்பிரிக்காவின் லெசோத்தோ நாட்டில் 2019-ல், லீவைஸ் உள்ளிட்ட பிராண்டுகளுக்கு ஜீன்ஸ் தைக்கும் ஆலைகளில் இதே போன்ற ஏற்பாடு வந்திருந்தது. ஆசிய ஆடைத் தொழிலில், பாலியல் துன்புறுத்தலைத் தடுக்க இப்படிக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம் திண்டுக்கல்லில்தான் முதலில் வந்தது.

அதே 2022 ஜூலை 29 அன்று அமெரிக்க சுங்கத் துறை நாச்சி அப்பேரல் சரக்குக்குத் தடை போட்டது. செப்டம்பர் 7 அன்று அந்தத் தடையைத் தளர்த்தியது. இடையில் ஆறு வாரம்கூட இல்லை. ஒப்பந்தம் இருந்ததால்தான் இவ்வளவு சீக்கிரம் தளர்ந்தது என்று கையெழுத்திட்ட அமைப்புகள் சொல்கின்றன. முதலாளிகள் காதில் விழ வேண்டிய விஷயம் இது. தொழிலாளியின் புலம்பலைக் கேட்காமல் விட்டதற்குத் துறைமுகத்தில் விலை கொடுக்க வேண்டி வந்தது.

ஆனால் ஒப்பந்தத்தின் சுவாரஸ்யமான பகுதி பிராண்டோ சுங்கமோ இல்லை. ‘ஷாப் ஃப்ளோர் மானிட்டர்’ என்ற ஒரு ஏற்பாடு.

மானிட்டர் என்றதும் டீச்சர் இல்லாத நேரத்தில் பேசுகிறவர்கள் பெயரை போர்டில் எழுதும் கிளாஸ் லீடர் ஞாபகம் வரலாம். இது நேர் எதிர். இங்கே பேசுவதைக் கேட்கத்தான் மானிட்டர். அதே லைனில் தைக்கிற, செக்கிங் பார்க்கிற பெண்களில் இருந்து தேர்ந்தெடுத்து, யூனியன் பயிற்சி கொடுக்கிறது. எது துன்புறுத்தல், சட்டம் என்ன சொல்கிறது, யாரிடம் எப்படிக் கொண்டுபோவது என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். தோழி புலம்பினால் “விடு புள்ள” என்பதோடு நிற்காமல், நிர்வாகத்துடன் நடக்கும் கூட்டத்தில் அதைப் பேசும் உரிமை அவருக்கு உண்டு. அப்படிப் பேசியதற்காக அவரையோ அந்தத் தோழியையோ பழிவாங்கக் கூடாது என்று ஒப்பந்தமே சொல்கிறது. அங்கே தீரவில்லை என்றால் கம்பெனிக்கு வெளியே இருக்கும் சுதந்திரமான விசாரணையாளரிடம் போகலாம். சாதி ரீதியான பாகுபாடும் இதற்குள் அடக்கம்.

இதன் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. பெரிய வன்முறை திடீரென்று நடப்பதில்லை. அது ஏணி மாதிரி படிப்படியாக ஏறுகிறது என்பது ஆசியா ஃப்ளோர் வேஜ் அலையன்ஸின் வாதம். முதல் படி சத்தம் போடுவது. அடுத்தது கெட்ட வார்த்தை. அப்புறம் தோளில் கை. கீழ்ப் படியிலேயே பிடித்து நிறுத்திவிட்டால் மேலே ஏற முடியாது. கீழ்ப் படியில் நடப்பதை யாரும் எழுத்தில் புகாராகக் கொடுக்க மாட்டார்கள், ‘இதுக்கெல்லாமா’ என்று தோன்றும். ஆனால் டீ டைமில் தோழியிடம் கண்டிப்பாகச் சொல்லியிருப்பார்கள்.

முதல் ஆண்டு அறிக்கையில் இது எண்ணிக்கையாகவே தெரிகிறது. தொழிலாளர்கள் எழுப்பிய பிரச்னைகள் 185. அதில் பாலின வன்முறை, துன்புறுத்தல் தொடர்பானவை 23. மீதி எல்லாம் அன்றாடக் குறைகள். மொத்தத்தில் 98% தீர்க்கப்பட்டதாக அறிக்கை சொல்கிறது. அறிக்கையை வெளியிட்டது ஒப்பந்தத்தில் இருக்கும் தரப்புகளே என்பதை மனதில் வைத்துத்தான் அந்த 98-ஐப் படிக்க வேண்டும். ஆனால் 185 என்ற எண் வேறு கதை சொல்கிறது. ‘சொன்னா என்ன ஆகப் போகுது’ என்று இருந்த இடத்தில் ஒரே வருடத்தில் இத்தனை முறை சொல்லியிருக்கிறார்கள்.

திருப்பூருக்குள் இருக்கும் ஆயிரக்கணக்கான யூனிட்களில் இப்படி ஓர் ஏற்பாடு வருமா? பெரிய பிராண்டுக்கு நேரடியாகத் தைக்கும் கம்பெனியில் வாய்ப்பு உண்டு. ஜாப் ஒர்க் ஷெட்டில், தைக்கிற டி-ஷர்ட் எந்த பிராண்டுக்குப் போகிறது என்பதே லேபிள் வரும்வரை தெரியாது. அங்கே பிராண்டைப் பிடித்து இழுக்கும் கயிறு எட்டாது.

புலம்பல் வதந்தி ஆனபோது

தோழமைப் பேச்சை ரொம்பவும் புனிதப்படுத்திவிடக் கூடாது என்பதற்கும் இதே ஊரில் ஒரு சம்பவம் உண்டு.

2023 ஜனவரியில் திருப்பூரில் உள்ளூர் தொழிலாளர்களுக்கும் வடமாநிலத் தொழிலாளர்களுக்கும் இடையே நடந்த ஒரு தகராறின் வீடியோ வைரலானது. மார்ச் மாதம், தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்கள் தாக்கப்படுகிறார்கள் என்று வேறு வேறு சம்பவங்களின் வீடியோக்கள் தவறான தலைப்புடன் வாட்ஸ்ஆப்பில் பரவின. ஹோலி பண்டிகைக்காக ஊருக்குப் போகும் ரயில் கூட்டத்தைக்கூட ‘உயிருக்குப் பயந்து ஓடுகிறார்கள்’ என்று போட்டார்கள். பீகாரில் இருந்து நாலு பேர் கொண்ட அதிகாரிகள் குழு தமிழ்நாடு வந்து, திருப்பூரில் தொழிலாளர்களை நேரில் சந்தித்தது. போலீஸ் ஹெல்ப்லைன் அறிவித்தது, இந்தியில் விளக்கங்கள் வந்தன. பொய்ச் செய்தி பரப்பியவர்கள் மீது வழக்குகள் பதிவாயின.

வதந்தி ஏன் அவ்வளவு வேகமாக ஒட்டிக்கொண்டது? ஒரே லைனில் பக்கத்துப் பக்கத்து மெஷினில் தமிழ்ப் பெண்ணும் ஒடிசா பெண்ணும் தைக்கிறார்கள், ஆனால் டீ டைமில் தனித்தனியாக நிற்கிறார்கள். “என்னக்கா, நிஜமாவே இப்படி நடக்குதா?” என்று கேட்க ஒரு உள்ளூர் தோழி இருந்திருந்தால் பாதிப் பயம் அங்கேயே போயிருக்கும். ஊரில் இருந்து அம்மா போனில் அழுகிறார், வாட்ஸ்ஆப்பில் வீடியோ வருகிறது, விசாரிக்க ஆள் இல்லை. அப்போது ரயில் ஏறத்தான் தோன்றும்.

கேட்டால் மட்டும் போதுமா?

இந்தக் கேள்வி மெஷினில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு மட்டும் இல்லை. திருப்பூரின் இளம் ஆபீஸ் வர்க்கம் என்றால் மெர்ச்சண்டைசர்கள். பையருக்கும் ஃபேக்டரிக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட ஜென்மங்கள். லேப் டிப் ஷேட் ஒத்து வரவில்லை, சாம்பிள் ரிஜெக்ட், டையிங்கில் துணி நிற்கிறது, ஷிப்மெண்ட் தேதி நாளைக்கு. ஐரோப்பாவில் சாயங்காலம் ஆகும்போது இங்கே ராத்திரி, மெயில் அப்போதுதான் வரும். 2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா 50% வரி போட்டபோது, நிறுத்தி வைக்கப்பட்ட ஆர்டர்களின் மெயில்களை முதலில் திறந்து பார்த்தவர்கள் இவர்கள்தான். காலேஜ் நண்பர்களின் வாட்ஸ்ஆப் குரூப்பில் மீம் போட்டு, பையரைத் திட்டி, பன்னிரண்டு மணிக்குத் தூங்கப் போவார்கள்.

அப்படித் திட்டித் தீர்த்தால் மனசு லேசாகுமா? உளவியல் ஆய்வுகள் தரும் பதில் கொஞ்சம் சங்கடமானது. அமெரிக்காவின் மிசௌரி பல்கலைக்கழக ஆய்வாளர் அமண்டா ரோஸ் 2002-ல், சிறுவர் சிறுமியரின் நட்பை ஆராய்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார். ஒரே பிரச்னையைத் தோழர்கள் சேர்ந்து திரும்பத் திரும்ப மென்றுகொண்டே இருக்கும் பழக்கத்தை அவர் கவனித்தார். அப்படிப் பேசுபவர்களின் நட்பு நெருக்கமாகிறது. கூடவே மனச்சோர்வு, பதற்றத்தின் அறிகுறிகளும் அதிகமாக இருக்கின்றன. ஒரே பழக்கத்தில் இரண்டும் உண்டு.

இதற்கு இன்னொரு முனையில் ஜிம்பாப்வே இருக்கிறது. அங்கே 2006-ல் மனநல மருத்துவர் டிக்சன் சிபாண்டா ஒரு வேலை தொடங்கினார். டாக்டர்கள் மிகக் குறைவான நாடு என்பதால், ஊர்ப் பாட்டிகளுக்குப் பயிற்சி கொடுத்து, சுகாதார நிலைய வளாகத்தில் மர பெஞ்ச் போட்டு உட்கார வைத்தார். பெயர் ‘ஃப்ரெண்ட்ஷிப் பெஞ்ச்’. பாட்டி முதலில் முழுக்கக் கேட்பார். அப்புறம், “இத்தனை பிரச்னை சொன்னியே, இதுல இந்த வாரம் எதை ஒண்ணைப் பிடிக்கலாம்?” என்கிற மாதிரி கேட்பார். அந்த ஒன்றுக்கு ஒரு சின்ன அடி என்னவென்று அந்த ஆளையே சொல்ல வைப்பார்.

573 பேரிடம் நடந்த ஆய்வு 2016-ல் ஜாமா மருத்துவ இதழில் வெளியானது. ஆறு மாதம் கழித்து, வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் சுமார் 50% பேருக்கு மனச்சோர்வு அறிகுறிகள் இருந்தன. பெஞ்சில் உட்கார்ந்து பாட்டியிடம் பேசியவர்களில் சுமார் 14% பேருக்குத்தான் இருந்தன.

அந்தப் பாட்டிக்கும் திண்டுக்கல் மானிட்டருக்கும் ஒரு ஒற்றுமை இருக்கிறது. இருவரும் பேசுபவரின் ஊர், பேசுபவரின் மொழி. மேலே இருந்து வந்தவர்கள் இல்லை. கேட்டு முடித்த பிறகு அடுத்த அடி என்ன என்பது இருவருக்கும் தெரியும். வாட்ஸ்ஆப் குரூப்பில் முதல் பாதி தாராளமாகக் கிடைக்கும். இரண்டாவது பாதிக்குத்தான் ஆள் இருக்காது.

பேச்சு நண்பர்களால் தாங்க முடியாத அளவுக்குப் போனால், ‘டெலி மானஸ்’ 14416 எண்ணில் இலவசமாக, தமிழிலேயே பேசலாம். 2022 அக்டோபரில் இருந்து இயங்கும் மத்திய அரசின் மனநல சேவை அது. பெண்களுக்கு ஆபத்து, துன்புறுத்தல் என்றால் 181.

ஒப்பந்தம் இல்லாத ஷெட்டில் என்ன வழி?

20 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் எந்த இடத்திலும் குறைதீர்ப்புக் குழு இருக்க வேண்டும் என்பது பழைய தொழில் தகராறு சட்டத்திலேயே இருந்தது. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழில் உறவுகள் தொகுப்புச் சட்டமும் அதைத்தான் சொல்கிறது. குழுவில் அதிகபட்சம் 10 பேர். முதலாளி தரப்பும் தொழிலாளர் தரப்பும் சம எண்ணிக்கை. தலைவர் பதவி வருடத்துக்கு ஒரு தரப்பு என்று மாறி மாறி வர வேண்டும். மொத்தத் தொழிலாளர்களில் பெண்கள் எவ்வளவோ, அந்த விகிதத்துக்குக் குறையாமல் குழுவிலும் பெண்கள் இருக்க வேண்டும். பிரச்னை நடந்து ஒரு வருடத்துக்குள் மனு கொடுக்கலாம், 30 நாளில் முடிக்க வேண்டும்.

பெண்கள் நிரம்பிய பனியன் கம்பெனிக்கு இந்த விகிதக் கணக்கைப் போட்டுப் பார்த்தால், தொழிலாளர் தரப்பு நாற்காலிகளில் பெரும்பாலும் டெய்லர்களும் செக்கிங் பெண்களும் கைமடிகளும்தான் உட்கார வேண்டும். பத்துப் பேருக்கும் குறைவான ஷெட் என்றால், அல்லது புகார் முதலாளி மீதே என்றால், பாலியல் துன்புறுத்தலுக்கு மாவட்ட அளவிலான உள்ளூர் புகார்க் குழு இருக்கிறது. திருப்பூர்க்காரர்களுக்கு அது பல்லடம் ரோட்டில் இருக்கும் கலெக்டர் ஆபீஸில் விசாரிக்க வேண்டிய விஷயம்.

உள் புகார்க் குழுவை அமைத்த உத்தரவை எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில் ஒட்டி வைக்க வேண்டும் என்பதும் 2013 சட்டத்தில் இருக்கிறது. அந்த உத்தரவு எங்கே ஒட்டியிருக்கிறது, அதில் யார் யார் இருக்கிறார்கள் என்று அடுத்த டீ டைமில் பக்கத்து மெஷினில் கேட்டுப் பார்க்கலாம்.